ஸ்கிரீனில இருந்து டிமக்சுக்கு: கொன்ட்ரோல்-ஏ, ஸ்பேஸ், எஸ்கேப், ஸ்க்ரோல் சிக்கல்

கொக்குவில்காரன்:
வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள்ள நுழையிற முறை) வழியா சிங்கப்பூரில இருக்கிற உபுண்டு 24.04 சேர்வரில வேலை. கரண்ட் போய் இணைப்பு அறுந்தாலும் ஓடுறது நிக்கக்கூடாது எண்டு ஸ்கிரீன் எண்ட மென்பொருளைப் பாவிச்சது. இப்ப அதே வேலை செய்யிற டிமக்ஸ். பிரிபிக்சை (டிமக்ஸ் கட்டளைகளுக்கு முதல் அடிக்கிற விசை) ஸ்கிரீனில இருந்தமாதிரி கொன்ட்ரோல்-ஏக்கு மாத்தியாச்சு, ஆனா:

பிரிபிக்சுக்குப் பிறகு ஸ்பேஸ் அடிச்சா அடுத்த விண்டோ வரேல்ல, பிரிச்சு வச்ச பேன் (விண்டோவுக்குள்ள இருக்கிற துண்டு) எல்லாம் இடம் மாறுது. பாஷில (கட்டளை அடிக்கிற ஷெல்) கொன்ட்ரோல்-ஏ அடிச்சு வரியின்ர தொடக்கத்துக்குப் போக ஏலாமல் கிடக்கு. விம் எடிட்டரில எஸ்கேப் அரைச் செக்கன் பிந்துது. ஹிஸ்டரி-லிமிட்டை (மேல ஸ்க்ரோல் பண்ணிப் பாக்கக்கூடிய வரிகளின்ர அளவு) 20000 எண்டு எழுதியும் 2000 வரியோட நிக்குது.

நல்லூரான்:
தம்பி, டிமக்சில ஸ்பேஸ் எண்டா பேன் அமைப்பை மாத்திற விசை. டிமக்சின்ர கொன்பிக் (அமைப்பு) கோப்பில “பைண்ட் ஸ்பேஸ் நெக்ஸ்ட்-விண்டோ” எண்டு போடுங்கோ.

கொன்ட்ரோல்-ஏயை டிமக்ஸ் பிடிச்சு வச்சிருக்கிறதால பாஷுக்குப் போய்ச் சேராது. “பைண்ட் ஏ செண்ட்-பிரிபிக்ஸ்” எழுதினா, கொன்ட்ரோல்-ஏ அடிச்சு பிறகு சின்ன ஏ. ஸ்கிரீனில இருந்த அதே பழக்கம். இணையத்தில கிடக்கிற கொன்பிக்குகள் கனக்க இதையே கொன்ட்ரோல்-ஏ இரண்டு தரம் அடிக்கிறதுக்குக் குடுக்கும். அதைக் கொப்பி பண்ணாதேங்கோ. ஸ்கிரீன்காரருக்கு அது கடைசியா இருந்த விண்டோவுக்குத் திரும்புற விசை. அதுக்கு “பைண்ட் சி-ஏ லாஸ்ட்-விண்டோ” (சி-ஏ எண்டா கொன்ட்ரோல்-ஏ).

எஸ்கேப் பிந்திறதுக்குக் காரணம், ஆல்ட் விசையும் அம்புக்குறிகளும் எஸ்கேப்போடதான் தொடங்கும். அடுத்த எழுத்து வருதோ எண்டு டிமக்ஸ் காத்திருக்கும். உபுண்டு 24.04 இல வாறது டிமக்ஸ் 3.4, அதில காத்திருக்கிற நேரம் 500 மில்லிசெக்கன். 3.5 இல இருந்து 10. “செட் -எஸ் எஸ்கேப்-டைம் 20” போதும். சுழியம் வைக்கவேண்டாம்: மெதுவான இணைப்பில அம்புக்குறியின்ர பைட்டுகள் பிரிஞ்சு வந்தா விம்முக்குள்ள தேவையில்லாத எழுத்து விழும். அப்பிடி விழுந்தா 50 ஆக்குங்கோ.

ஹிஸ்டரி-லிமிட் இனித் திறக்கிற பேனுக்கு மட்டும்தான். சோர்ஸ்-பைல் (கொன்பிக் கோப்பை மறுபடி வாசிக்கிற கட்டளை) குடுத்திட்டு புது விண்டோ திறந்து பாருங்கோ. டிடாச் பண்ணி (கழட்டி) திரும்ப அட்டாச் பண்ணினா (சேர்த்தா) கோப்பு மறுபடி வாசிக்கப்படாது. கோப்பில ஒரு பைண்ட் வரியை அழிச்சாலும் ஓடுற சேர்வரில அது இருக்கும்; அன்பைண்ட் குடுக்கவேணும். கில்-சேர்வர் அடிச்சிடாதேங்கோ, உள்ள ஓடுற எல்லாம் செத்துப்போம்.

சுன்னாகத்தான்:
இன்னும் இரண்டு. ஸ்கிரீனில “-டி -ஆர்” குடுத்து மற்ற இடத்தில கழட்டி இங்க எடுக்கிறதுக்கு டிமக்சில “அட்டாச் -டி”. ரவுட்டர், சுவிட்ச் சீரியல் கேபிளில பாக்க ஸ்கிரீனைப் பாவிச்சிருந்தா அதை அழிக்கவேண்டாம். டிமக்சுக்கு சீரியல் போர்ட் திறக்கிற வேலை இல்லை; அதுக்கு பிக்கோகொம் எண்ட மென்பொருள் அல்லது ஸ்கிரீன்தான்.

கொக்குவில்காரன்:
நன்றி அண்ணை. புது விண்டோவில 20000 சரி, எஸ்கேப்பும் சரி. தமிழ் பெயருள்ள கோப்புகளில மட்டும் எழுத்துக்குப் பதிலா அடிக்கோடு (_) வருது. தமிழில ரைப் பண்ணிப்போட்டு டிடாச் குடுத்தாலும் ஒண்டும் நடக்குதில்லை.

நல்லூரான்:
சேர்வரில லொக்கேல் (மொழி அமைப்பு) யூடிஎப்-8 (தமிழ் எழுத்தைத் தாங்குற குறியாக்கம்) ஓ எண்டு பாருங்கோ. “டிமக்ஸ் -யூ அட்டாச்” குடுத்தா அடிக்கோடு போகவேணும். போனபிறகும் கொம்பு, விசிறி வாற இடத்தில வரி நகர்ந்து தெரிஞ்சா, எழுத்தின்ர அகலத்தை ரெர்மினலும் டிமக்சும் வேற வேறயாக் கணக்கிடுது. வேற ரெர்மினலில பாருங்கோ. டிடாச் நடக்காததுக்கு, ரெங்கநாதன் விசைப்பலகை போட்டிருக்கேக்க டி அடிச்சா டிமக்சுக்குப் போறது தமிழ் எழுத்து. ஆங்கிலத்துக்கு மாத்திப்போட்டு அடியுங்கோ.