புதுப்பிப்பு: செங்கல் சுவர் மாடல், விரிசலுக்குப் பிறகும் இறங்காத சுமை

முன்பு கேட்டது இது: ஒவ்வொரு செங்கல்லையும் சாந்தின் பாதித் தடிமன் அளவு பெரிதாக்கி, நடுவில் தடிமனற்ற இன்டர்ஃபேஸ் எலிமென்ட் (மூட்டு திறப்பதையும் வழுக்குவதையும் காட்டும் உறுப்பு) வைத்த கணினி மாடல். பக்கவாட்டில் தள்ளும்போது மூலைவிட்ட விரிசல் விழுந்த பிறகும் சுமை ஏறிக்கொண்டே போனது.

காரணம் டைலேட்டன்சி கோணம், அதாவது மூட்டு வழுக்கும்போது எவ்வளவு விரிகிறது என்பதைக் குறிக்கும் அளவு. அது உராய்வுக் கோணத்துக்குச் சமமாக இருந்தது. மூட்டு வழுக்க வழுக்கச் சுவர் மேலே எழும்பப் பார்க்கிறது. மேல் விளிம்பு செங்குத்தாக நகர முடியாததால் அழுத்தம் கூடுகிறது, கூடவே உராய்வும். உராய்வுக் குணகம் 0.75 அப்படியே இருக்க, டைலேட்டன்சியை மட்டும் சுழியாக்கியதும் சுமை-இடப்பெயர்ச்சி வளைகோடு ஒழுங்காக இறங்கியது.

மூட்டின் விறைப்பை மனம்போனபடி 10⁶ என்று போடவே கூடாது. செங்கல், சாந்து இரண்டின் மீள்குணகங்களையும் (E) பெருக்கி, அவற்றின் வித்தியாசத்தைச் சாந்துத் தடிமனால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். செங்கல் 16000, சாந்து 800 நி/மிமீ², தடிமன் 10 மிமீ என்றால் சுமார் 84 நி/மிமீ³.

செங்கல்லின் நடுவிலும் செங்குத்தாக ஒரு விரிசல் இன்டர்ஃபேஸ் வேண்டும். அது இல்லாவிட்டால் விரிசல் படிக்கட்டாக மட்டுமே ஓடும், தாங்குதிறன் கூடுதலாகக் காட்டும். சுமையை இடப்பெயர்ச்சிக் கட்டுப்பாட்டில் (நகர்வைப் படிப்படியாகக் கொடுத்து) ஏற்றுங்கள்; வளைகோடு பின்னோக்கித் திரும்பும் இடத்தில் மட்டும் ஆர்க்-லெங்த் (சுமையையும் இடப்பெயர்ச்சியையும் சேர்த்தே கட்டுப்படுத்தும் முறை).