கால் திரும்பும் முன் கை திரும்ப வேண்டும்

கடலூரிலிருந்து:

தேவனாம்பட்டினத்தில் பட்டத்தை ஏற்றி, அதன் இழுப்பில் கடல்மேல் பலகையில் செல்லும் கைட் சர்ஃபிங் பழகி இரண்டு ஆண்டுகள் ஆகியும், அலையின் அடிவாரத்தில் திரும்பி மறுபடியும் முகட்டை நோக்கி ஏறும் பாட்டம் டர்ன் எனக்கு வசப்படவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றில்தான் நான் பழகினேன். நம் கரை கிழக்கு நோக்கியது என்பதால் அந்தக் காற்று கரைக்குச் சாய்வாக வீசுகிறது. இடது காலை முன்வைத்துக் கரைப்பக்கம் அலையோடு இறங்கி, வலப்புறமாக வடக்கே திரும்பினால், அலையின் முகம் கண்ணெதிரே நிற்கும்.

நான் திரும்பிய போதெல்லாம் விழுந்தேன். அலை எழும்புவதைக் கண்டதும் கைகள் தாமாகவே பாரை (பட்டத்தின் கயிறுகள் கட்டிய கைப்பிடிக் கோலை) நெஞ்சுப்பக்கம் இழுத்துவிடும். உடனே 9 சதுர மீட்டர் பட்டம் வலுவேறி என்னைப் பலகையிலிருந்து பிடுங்கி எறியும். பட்டத்தைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் பலகையை மட்டும் திருப்பிய நாள்களில் வேறு தொல்லை: பட்டம் இருக்கும் பக்கமே நான் விரைந்ததால், 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கயிறுகள் தொய்ந்து, பட்டம் நீரில் விழுந்தது. அப்படி ஒரு நாள் நுரைக்குள் சிக்கிய பட்டத்தை இழுத்துக்கொண்டு கரையேறியபோது, வலையில் சிக்கெடுத்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே, "தம்பி, அலையையே பாத்துக்கிட்டு வர்றியே, மேல பட்டத்த யாரு பாக்கறது?" என்று கேட்டார். பயிற்சியாளர் பலமுறை சொன்னதும் இதுதான். அவர் சொன்னபோது ஏனோ எனக்கு உறைக்கவில்லை.

சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, பலகை திரும்பத் தொடங்கும் முன்பே, பாரின் வலமுனையை இழுத்துப் பட்டத்தை இடப்பக்கத்திலிருந்து உச்சி வழியாக வலப்பக்கம் அனுப்ப வேண்டும். அது கடந்து செல்லும்போது பாரைச் சற்றே தள்ளிவிட்டு, முழங்கால்களை மடக்கி, கால்விரல் பக்க விளிம்பில் எடையைச் சாய்த்தால், பட்டம் புதிய திசையில் இழுக்கும் வேளையில் பலகையும் அங்கே வந்து சேர்ந்துவிடுகிறது. முகட்டருகே குதிகாலுக்கு எடையை மாற்றிக் கீழே திரும்புவது அதன்பின் பெரிய வேலையாகத் தோன்றவில்லை.

புதுச்சேரியிலிருந்து:

மேலே எழுதியவர் வாடைக்காற்றிலும் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது எல்லாமே இடவலம் மாறிவிடுகிறது: வலது கால் முன்னே, திருப்பம் இடப்புறமாகத் தெற்கே, பட்டத்தை அனுப்புவது இடக்கை. கோடையில் கற்ற அனைத்தையும் தை மாதத்தில் நான் புதிதாகத்தான் கற்றேன். (புயல் சின்னங்கள் உருவாகும் ஐப்பசி, கார்த்திகையில் நான் கடலில் இறங்குவதில்லை.) தந்திராயன்குப்பத்தில் கடலுக்குள் கற்களைக் கொட்டிக் கட்டிய தடுப்புகள் இருப்பதால், ஒரு திருப்பம் தவறினால் காற்று எந்தப் பக்கம் இழுத்துச் செல்லும் என்பதைக் கரையிலேயே பார்த்துவிட்டு இறங்குகிறேன். அந்த வகையில், தேவனாம்பட்டினத்தின் நீண்ட வெறும் மணற்கரையில் விழுந்து விழுந்து கற்றவர்மீது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.