நைட் ஷிப்டில் எழுந்து நடப்பதற்கும் பகல் தூக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா?

சென்னை ஓ.எம்.ஆரில் ஐடி சப்போர்ட் வேலை, இரவு 10 முதல் காலை 6 வரை, முதலில் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. ஜனவரியில் நைட் ஷிப்டுக்கு மாறியதிலிருந்து காலை 8 மணிக்குப் படுத்தால் 11 மணிக்கே விழிப்பு, அப்புறம் புரண்டுகொண்டே கிடக்க வேண்டியதுதான். கணுக்கால் வேறு வீங்கி, சாக்ஸ் தடம் அப்படியே பதிந்திருக்கும். அரை மணிக்கொரு தடவை காரிடாரில் 3 நிமிடம் நடக்க ஆரம்பித்தேன். வீக்கம் வடிந்தது, விடிகாலை 4 மணிச் சொக்கலும் பரவாயில்லை, தூக்கம் மட்டும் நீளவில்லை. இரவு 1 மணிக்கு மேல் காபி கிடையாது, ஜன்னலுக்குக் கனத்த திரை, வேனில் திரும்பும்போது கூலிங் கிளாஸ், எல்லாம் பார்த்தாயிற்று. தைராய்டு, சர்க்கரை இரண்டும் சரியாக இருக்கிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் மாடிப்படி ஏறி இறங்குகிறேன், சந்தேகம் அதில்தான். உங்களில் யாருக்காவது, நடையை முன்னிரவுக்கு மாற்றி 4 மணிக்கு மேல் குறைத்ததில் பகல் தூக்கம் நீண்டதா?