மறுமொழி: [கலைச்சொல்] ‘ஜானர் பெயிண்டிங்’ தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி ஓவிய வரலாற்றுப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘ஜானர் பெயிண்டிங்’ வந்த இடத்தில் நின்றுவிட்டேன். கையில் இருக்கும் அகராதி ‘வகை ஓவியம்’ என்கிறது. என்ன வகை என்று மாணவர் கேட்டால்?

பாடத்தில் உள்ள படம் ஜெர்மன் ஓவியர் கெர்ஸ்டிங் 1811-12இல் தீட்டிய ‘பூத்தையல்காரி’. ஜெர்மனியின் வைமர் நகரில் இருக்கிறது. ஒரு பெண் சன்னலோரம் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூவேலை செய்கிறாள். முகம் சுவர்க்கண்ணாடியில் மட்டும் தெரிகிறது. சோபாவில் ஒரு கிட்டார். அவ்வளவுதான். சாமியும் இல்லை, சண்டையும் இல்லை.

– சு.

--

அன்றாட வாழ்வு ஓவியம். எல்லாருக்கும் புரியும். முடிந்தது.

– ம.

--

அம்மா, ம. தந்தது விளக்கம், சொல் அன்று. ‘அன்றாட வாழ்வு ஓவியர்’ என்று நாலுமுறை சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்’ என்று தொல்காப்பியர் வழி காட்டியிருக்கிறார். ஐரோப்பியக் கலைக்கழகங்கள் உச்சியில் வைத்த விவிலிய, புராண, போர்க் காட்சிகள் நாடக வழக்கு. இந்தப் பெண் உலகியல் வழக்கு. எனவே ‘உலகியல் ஓவியம்’. ‘ஜானர்’ என்ற சொல்லின் மூலமான இலத்தீன் ‘கெனுஸ்’ என்பதே நம் ‘ஈன்’, ‘இனம்’ ஆகியவற்றோடு உறவுடையது என்பது என் நெடுநாள் துணிபு. தனி மடலில் விரிக்கிறேன்.

– வே.

--

ஐயா, ‘ஈன்’ தனி மடலிலேயே இருக்கட்டும் :)

இன்றைக்கு ‘உலகியல்’ என்றால் லௌகீகம், காசு பணம். அடுத்த நூற்பாவையும் பாருங்கள்: ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’. அகப்பாட்டில் தலைவி உண்டு, அவள் பெயர் கிடையாது. ஜானர் ஓவியத்துக்கும் அதுதான் உயிர். இன்னார் என்று சுட்டினால் அது உருவப்படமாகிவிடும். என் பரிந்துரை ‘அகத்துறை ஓவியம்’.

– த.

--

த., அழகான சொல்தான். ஆனால் அகம் என்றதும் மாணவர்கள் காதல் காட்சியைத் தேடுவார்களே. இன்னொரு சிக்கலும் உண்டு. இவள் யாரென்று தெரியும்: லூயிசே ஸைட்லர், அவரும் ஓவியர். சோபாவுக்கு மேலே ஓர் இளைஞனின் படம், அதைச் சுற்றிப் பூமாலை. அவரை மணக்கவிருந்த பிரெஞ்சு மருத்துவர் ஸ்பெயினில் இறந்துபோனார். மாலையை அந்தத் துக்கத்தோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு.

– சு.

--

அப்படிப் போடுங்கள்! நெடுநல்வாடையேதான். ‘வேம்புதலை யாத்த’ என்ற அடையாளப் பூவால் பாண்டியன் என்று தெரிந்துவிட, பாட்டு புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். இங்கே அந்த மாலைதான் வேம்பு. அகத்துறை அடிபட்டது.

– வே.

--

உரைகாரர் சொன்னால்தானே ஐயா வேம்பு? படத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு அது வெறும் மாலை.

– த.

--

பெயரே இல்லாத ஆள் வேண்டுமென்றால் ஜெர்மன் ஓவியர் ஸ்பிட்ஸ்வெக்கின் ‘ஏழைக் கவிஞன்’ (1839) இருக்கிறதே. ஒழுகும் கூரைக்குக் குடையை விரித்துவிட்டுப் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறான். வாயில் இறகுப் பேனா. விரலைக் குவித்து வைத்திருப்பது சீர் எண்ணவா, தெள்ளுப்பூச்சி நசுக்கவா என்று இன்னமும் சண்டை. சுவரில் யாப்பு வாய்பாடு கிறுக்கியிருக்கிறது. வெண்பா எழுதுகிறவன் என்ற முறையில் என் வாக்கு அலகிடுதலுக்கே.

– கு.

--

நானும் வெண்பா எழுதுகிறேன். அது பூச்சிதான்.

– ம.

--

இழை எங்கோ போகிறது. சு. அவர்களுக்கு நாளை வெள்ளி. இதுவரை ‘அன்றாட வாழ்வு’ 4, ‘அகத்துறை’ 2, ‘உலகியல்’ 1.

– மட்டுறுத்துநர்

--

அனைவருக்கும் நன்றி. ‘அன்றாட வாழ்வு ஓவியம்’ என்றே கொடுத்துவிட்டேன். த. காட்டிய நூற்பாவை ஆசிரியர் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். மாலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

– சு.

--

என் மறுப்பு பதிவாகட்டும். அப்புறம், ‘சன்னல்’ போர்த்துக்கீசியம். சிலம்பில் ‘காலதர்’ இருக்கிறது. ‘தையல்’ என்றாலே பெண்தானே அம்மா, அதற்குமேல் ‘காரி’ எதற்கு?

– வே.