அலாஸ்காவில் பத்து நாள்: நடக்க முடியாத அம்மாவுக்குக் கரடியைக் காட்ட எந்த மாதம், எந்த இடம்?

மறையூர்க் கரும்புக்காரர் (கேள்வி):

வணக்கம். நான் மறையூரில் கரும்பு பயிரிட்டு வெல்லம் காய்ச்சுபவன். சியாட்டிலில் வேலை செய்யும் என் தம்பி, வரும் கோடைக்கு என்னையும் மனைவியையும் 68 வயதான அம்மாவையும் அழைத்திருக்கிறான். விசா கைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து ஆங்கரேஜுக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான் என்பதால், பத்து நாளை அலாஸ்காவுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்குப் போகும்போது, யானை சாலையைக் கடக்கும் வரை வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்து பழகியவர்கள் நாங்கள். அம்மாவுக்குக் காட்டு விலங்கு புதிதல்ல. ஆனால் கரடியை மட்டும் அவர் ஒரே ஒரு முறை, அதுவும் அந்தி இருட்டில், புதருக்குள் மறையும் முதுகாகத்தான் பார்த்திருக்கிறார். நல்ல பகல் வெளிச்சத்தில் ஒரு கரடி தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருப்பதை ஆற அமரப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. முழங்கால் வலியால் அவரால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க இயலாது.

தம்பி போட்டிருக்கும் திட்டத்தில் ஆங்கரேஜ், சீவார்டு, டெனாலி, ஃபேர்பேங்க்ஸ், காட்மாய், ஜூனோ என்று ஆறு இடங்கள் இருக்கின்றன. இவற்றில் எதை விடலாம்? ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்றில் எந்த மாதம் நல்லது? வாடகைக் காரிலேயே டெனாலி பூங்காவுக்குள் சுற்றி வர முடியுமா? போய் வந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

குப்பம் ஒளிப்படக்காரர் (பதில்):

ஐயா, வணக்கம். நான் இரண்டு முறை போய் வந்தவன். முதல் முறை செய்த தவறு உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன். அந்த முறை ஒரு பயண முகவர் எங்களுக்கு விற்றது, ஆங்கரேஜிலிருந்து ரயிலில் டெனாலிக்குப் போய், ஒரே ஓர் இரவு தங்கித் திரும்பும் திட்டம். போக ஏழரை மணி நேரம், வர ஏழரை மணி நேரம். நடுவில் கிடைத்த அரைநாளில் மழை பிடித்துக்கொண்டது. நான் பார்த்த விலங்கு, பூங்கா வாசலில் ஓடிய தரை அணில் ஒன்றுதான். காடு நமக்காக நேரம் ஒதுக்குவதில்லை, நாம்தான் காட்டுக்காக ஒதுக்க வேண்டும் என்பதைச் சின்னாற்றுக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே ஆறு இடங்களை இரண்டாகக் குறையுங்கள்: டெனாலியில் நான்கு இரவு, சீவார்டில் மூன்று இரவு. மீதி நாள்கள் பயணத்துக்கும் ஓய்வுக்கும் சரியாக இருக்கும்.

ஜூனோவுக்குத் தரைவழிச் சாலையே கிடையாது. விமானத்திலோ கப்பலிலோதான் போக வேண்டும் என்பதால் அதை விட்டுவிடலாம். காட்மாயை விடச் சொல்வதற்கு எனக்கே மனம் வரவில்லை. புரூக்ஸ் அருவியில் சால்மன் மீன் தாவும்போது கரடிகள் வாயைத் திறந்து பிடிக்கும் காட்சி அங்கேதான். ஆனால் அதற்கு நீரில் இறங்கும் சிறு விமானத்தில் போய், கரடி பார்க்கும் மேடைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடந்து, அதே தூரம் திரும்ப வேண்டும். அதுவும் ஜூலையும் செப்டம்பரும்தான் அங்கே உகந்த மாதங்கள். உங்கள் அம்மாவுக்கு அது ஒத்துவராது.

டெனாலிக்குள் சொந்தக் காருக்கு அனுமதி 15ஆவது மைலில் உள்ள சாவேஜ் ஆறு வரைதான். இரவிகுளத்தில் வரையாடு பார்க்க வனத்துறைப் பேருந்தில் ஏறுகிறோம் அல்லவா, அதே ஏற்பாடுதான் இங்கும். ஆனால் இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர். டெனாலி சுமார் 24,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம் இடுக்கி மாவட்டத்தைப் போல ஐந்து மடங்கு. அவ்வளவு பெரிய காட்டுக்கு 148 கிலோமீட்டர் நீளத்தில் ஒரே ஒரு சாலை. மூணாறு கேப் ரோடு மலைச்சாலை சரிவதைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இது வியப்பாக இராது: உறைந்து கிடந்த மண் இளகிச் சரிந்ததால், 2021 ஆகஸ்டில் பிரெட்டி ராக்ஸ் என்ற இடத்தில் அந்தச் சாலையும் மூடப்பட்டு, பேருந்து 43ஆவது மைலோடு நின்றது. நீங்கள் போகும்போது எதுவரை போகிறது என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 43ஆவது மைல் வரை மட்டும் போனாலும் குறைவில்லை, போய் வர ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்.

பேருந்தில் யார் விலங்கைக் கண்டாலும் குரல் கொடுக்கலாம். ஓட்டுநர் உடனே நிறுத்துவார். இரண்டாவது பயணத்தில், ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில், அப்படி நிறுத்தியபோது சாலைக்கு மேலே இருந்த சரிவில் ஒரு கிரிஸ்லி கரடி உட்கார்ந்திருந்தது. புளூபெரிச் செடியை முன்காலால் வளைத்து, உதட்டாலேயே பழத்தை உருவி உருவித் தின்றது. பேருந்துக்குள் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. இருபது நிமிடம் நாங்கள் பார்த்தோம். அது ஒரு முறைகூடத் தலை நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. உங்கள் அம்மா கேட்பது அதைத்தான். ஆகஸ்டில் பழம் பழுத்திருக்கும். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் மொய்க்கும் கொசுத் தொல்லை குறைந்திருக்கும். புல்வெளி சிவக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே என் வாக்கு ஆகஸ்ட் பிற்பாதிக்குத்தான்.

மலை தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம். டெனாலி சிகரம் 6,190 மீட்டர் உயரம். அங்கே போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் மேகம் விலகிக் காட்சி கொடுக்கிறது என்பார்கள். நான்கு இரவு தங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

குமுளி ஏலத்தோட்டம் (பதில்):

தம்பி, குப்பத்துக்காரர் சொன்னது அத்தனையும் சரிதான், ஆனால் நாள் கணக்கில் மட்டும் நான் மாறுபடுகிறேன். என் மாமியாருக்கும் முழங்கால் வலிதான். பேருந்தின் படியும் மண்சாலையின் குலுக்கலும் அவரை இரண்டாம் நாளே களைக்க வைத்துவிட்டன. நடுவில் டெக்லனிகாவில் கழிப்பறைக்காக நிறுத்துகிறார்கள் என்பது ஓர் ஆறுதல். எனவே பேருந்துப் பயணத்தை ஒன்றுவிட்டு ஒரு நாளாக வையுங்கள்.

எங்களுக்கு நிறைவு தந்தது சீவார்டு கடல்தான். கீனாய் ஃபியோர்ட்ஸ் பூங்காவுக்குப் படகில் போனால், அம்மா நாற்காலியை விட்டு எழாமலே கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்க்கலாம். தேக்கடி ஏரியில் நீர்நாய் மூக்கை மட்டும் நீட்டி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கடல் நீர்நாய் மல்லாந்து மிதந்தபடி, வயிற்றின் மேல் கல்லை வைத்துச் சிப்பியை அடித்து உடைக்கிறது. அந்த ‘டக் டக்’ சத்தம் படகு வரை கேட்டது. திமிங்கிலம், கடல் சிங்கம், வண்ண அலகுள்ள பஃபின் பறவை எல்லாம் ஒரே நாளில் கண்டோம். ஆறு மணி நேரப் படகு திறந்த கடலுக்குள் போகும்போது ஆட்டம் அதிகம். குமட்டலுக்கான மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அம்மாவுக்குப் பயமாக இருந்தால், ரிசரக்‌ஷன் விரிகுடாவுக்குள்ளேயே சுற்றி வரும் குறுகிய பயணமும் உண்டு.

பேருந்தில் சாப்பாடு கிடைக்காது என்பதை மறந்துவிடாதீர்கள். நாங்கள் அவலும் வறுத்த கடலையும் உங்கள் ஊர் வெல்லமும் சேர்த்துக் கொண்டுபோனோம். உணவு வாசனை கரடியை இழுக்கும் என்பதால், இறங்கும் இடங்களில் பொட்டலத்தைக் கீழே வைக்கவே கூடாது.

மறையூர்க் கரும்புக்காரர்:

குப்பம் அண்ணனுக்கும் குமுளி அக்காவுக்கும் நன்றி. தம்பியிடம் பேசிவிட்டேன்: ஆகஸ்ட் 16 முதல் 26 வரை, டெனாலியில் நான்கு இரவு, அதில் ஒன்றுவிட்டு ஒரு நாளாக இரண்டு பேருந்துப் பயணம், சீவார்டில் மூன்று இரவு. ஃபேர்பேங்க்ஸை விடுவதில் மனைவிக்கு வருத்தம், வட துருவ ஒளியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இன்னும் ஒரே ஓர் ஐயம்: கரடியிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

குப்பம் ஒளிப்படக்காரர்:

டெனாலியில் கரடிக்கு 300 கெஜம், அதாவது ஏறக்குறைய 275 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம்; பேருந்துக்குள் இருக்கும்போது அதே கரடி சாலையோரம் வந்தால் அது உங்கள் பாக்கியம். மூஸ் மானைச் சாதுவாக எண்ணிவிடாதீர்கள். நம் கடமானைவிட மிக உயரமானது, குட்டியோடு இருக்கும் தாய் துரத்திவந்து மிதிக்கும். மனைவியிடம் சொல்லுங்கள், ஆகஸ்ட் 20க்கு மேல் டெனாலியிலும் இரவு இருட்டத் தொடங்கிவிடும். வானம் தெளிந்திருந்தால் நள்ளிரவில் வடக்குப் பக்கம் பச்சை ஒளி தெரிய வாய்ப்பு உண்டு. ஆகவே சீவார்டை முதலில் முடித்துவிட்டு, டெனாலியைப் பயணத்தின் பிற்பாதியில் வையுங்கள். அம்மாவுக்கென்று தனியாக ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுங்கள். ஒன்றையே மூவரும் கைமாற்றிக்கொண்டிருந்தால், அவர் முறை வருவதற்குள் கரடி மேட்டைத் தாண்டிவிடும்.