பூவினைஞர்: ஒரு பெயர்ப்பலகைக்கான சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

விழாக்களுக்குக் கொய்த பூவை அடுக்கி அலங்கரிக்கும் ‘ஃபுளோறல் டிசைனரை’த் தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் பேச்சில், போன கிழமை ‘மலர் வடிவமைப்பாளர்’ என்ற சொல்லை ஒருவர் முன்வைத்தார், மூவர் வழிமொழிந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கையின் மகளுக்கு இந்த ஆவணியில் திருகோணமலையில் கல்யாணம் நடந்தது. மகள் ரொறன்ரோவில் வளர்ந்தவள். முகூர்த்தம் கோயில் மண்டபத்தில், மாலை வரவேற்பு உப்புவெளிக் கடற்கரையில். பூ வேலைக்கு ஆள் பார்ப்பது என் பொறுப்பாயிற்று. ஒருவரிடம் தொலைபேசியில் ‘பூ அலங்காரம் வேண்டும்’ என்றேன். அவர் மணவறை போடுபவர். துணியும் பிளாஸ்டிக் பூவுமாக ஒரு மணவறைக்கு விலை பேசி முற்பணமும் வாங்கிவிட்டார். ‘நல்ல பூக்காரர் யார்’ என்று விசாரித்து இன்னொருவரிடம் போனேன். அவர் மாலை கட்டுபவர். மணமாலையும் கொண்டைமாலையும் அவர் கையில் அழகாக உருவாகும். மேசைகளுக்குப் பூ வைக்க வேண்டும் என்றதும் கையை விரித்துவிட்டார். இருவர் மீதும் குறையில்லை. நான் தேடிய தொழிலுக்கு என் வாயில் ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதாகப் போன சிறிய கடையில்தான் நான் தேடியவர் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். எந்தப் பூ வேண்டும் என்று அவர் முதலில் கேட்கவில்லை. வரவேற்பு எத்தனை மணிக்கு, மேசைகளுக்கு நிழல் உண்டா, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மகள் கூறைக்குப் பிறகு என்ன நிறம் உடுத்தப் போகிறாள் என்று கேட்டார். மகள் அனுப்பிய படம் முழுவதும் பியோனிப் பூ. அது குளிர்காலத்தின் கடுங்குளிரைக் கண்டால்தான் பூக்கும் செடி. ‘இறக்குவித்தாலும் எங்கள் கச்சான் காற்றுக்குத் தாங்காது, ரீச்சர்’ என்றவர், வாளியிலிருந்து ஒரு தாமரை மொட்டை எடுத்தார். கோயில் வாசலில் செய்வதுபோல இதழ்களை வரிசை வரிசையாக உள்ளே மடித்தார். படத்திலிருந்த பூவின் கொழுமை அப்படியே அவர் விரல்களுக்குள் வந்தது. மகள் காணொளியில் பார்த்து அழுதுவிட்டாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் விடிய முன் ரோசாவும் கார்னேஷனும் நுவரெலியாவிலிருந்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாக வந்து சேர்ந்தன. 1,800 மீற்றருக்கு மேலுள்ள குளிரிலிருந்து ஒரே இரவில் கடல்மட்டத்து வெக்கைக்கு. காம்புகளைச் சாய்வாக மீண்டும் வெட்டி, கீழிலைகளைக் கழித்து, ஆழமான வாளிகளில் பல மணி நேரம் நீர் குடிக்க விட்டார். லில்லியின் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளினார். அந்தப் பொடி பட்டுச்சேலையில் பட்டால் கறை போகாது. வாசலில் கட்ட வைத்திருந்த வாழைக்குலையைக் கார்னேஷன் இருந்த அறையிலிருந்து அகற்றச் சொன்னார். பழுக்கும் காயிலிருந்து எழும் எதிலீன் வாயு அந்தப் பூவை நேரத்துக்கு முன்பே வாடவைத்துவிடுமாம். வாழைக்குலையோடு கல்யாணம் செய்யும் எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

பூவைக் குத்தி நிறுத்தும் பச்சைக் கட்டியை அவர் தொடுவதில்லை. அமெரிக்காவில் 1954இல் வந்த பொருள் அது. ஒருவகைப் பிளாஸ்டிக், மக்காது. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடைசெய்திருக்கிறது. கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுருட்டிச் சட்டிக்குள் வைத்து அதில்தான் காம்புகளைச் செருகினார். ‘கடற்கரையில் உடையும் துகள் எங்கே போகும், ரீச்சர்?’ என்றார்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். இவர் செய்ததில் ‘வடிவமைப்பு’ எவ்வளவு? தாளில் ஒரு படம் வரைந்தார், உண்மை. மிச்சமெல்லாம் கைவினையும், பூவின் உயிர்நேரத்தை அறிந்த அறிவும். வடிவமைப்பாளர் என்றால் படத்தை வரைந்து கொடுத்துவிட்டு வேறொருவரைச் செய்யச் சொல்பவர் என்றே என் காதுக்குக் கேட்கிறது.

‘தொடையாளர்’ என்று வேறொருவர் எழுதியிருந்தார். தொடை என்றால் மாலை. இனிய சொல். ஆனால் தொடுத்தல், கோத்தல், கட்டுதல், பிணைத்தல் எல்லாமே நாரும் நூலும் சேர்ந்த வினைகள். நாங்கள் காலங்காலமாகக் காம்பை விட்டுப் பூவை மட்டும் பறித்தவர்கள். ஆகவே எங்கள் சொல்வளம் முழுவதும் நூலைச் சுற்றியே வளர்ந்தது. கண்ணி, கோதை, தெரியல், பிணையல், அலங்கல் என்று மாலைக்கு எத்தனை பெயர்! காம்போடு வெட்டி நீரில் நிறுத்தும் பூ புதியது. தோட்டக்கலையில் காம்பில்லாமல் பறிப்பதை உதிரிப்பூ என்றும் காம்போடு வெட்டுவதைக் கொய்மலர் என்றும் பிரித்துப் பெயரிட்டுவிட்டார்கள். தொழில் செய்பவர் பெயரிலும் அந்தப் பிரிவு தெரிய வேண்டும். கோயில்களில் பூத்தொண்டு செய்வோரைப் பண்டாரம் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. அது ஒரு மரபினரின் பெயர், அதை எடுத்து எல்லோருக்கும் சூட்டுவது சரியல்ல.

என் முன்மொழிவு ‘பூவினைஞர்’. சிலப்பதிகாரத்து இந்திர விழாவூர் எடுத்த காதையில் ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறார்கள். கண்ணுக்கு விருந்தாகும் கைத்தொழிலுக்கு ‘வினைஞர்’ அங்கேயே பொருந்தியிருக்கிறது. துணியாலும் நெட்டியாலும் பூ முதலான பல தொழில் செய்தவர்களும் அதே தெருக்களில் வருகிறார்கள், ‘கிழியினும் கிடையினும்’ என்று. செயற்கைப் பூவுக்கு அன்றே தனி ஆட்கள் இருந்திருக்கிறார்கள். மணவறைக்காரரையும் இவரையும் நான் குழப்பிக்கொண்டது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. இலங்கையில் எங்களுக்கு ‘எழுதுவினைஞர்’ நாளாந்தம் புழங்கும் சொல். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போன எவருக்கும் ‘வினைஞர்’ புதிதாகப் படாது. தமிழகத்து நண்பர்களுக்கு ‘எழுத்தர்’தான் பழக்கம் என்பதை அறிவேன். இருந்தாலும் கேட்டவுடன் பொருள் விளங்கும் என்று நம்புகிறேன்.

ஒரு மறுப்பு வரும், அதை நானே சொல்லிவிடுகிறேன். ‘பூவினை’ என்பது பூ, இன், ஐ என்று பிரிந்து ‘பூவை’ என்றும் பொருள்படும். ‘ஞர்’ சேர்ந்தபின் அந்த மயக்கம் நிற்காது. ‘மலர்வினைஞர்’ என்றால் மயக்கமே இல்லை என்பீர்கள். ஆனால் பூக்கடை, பூமாலை, பூத்தட்டு என்று புழங்கும் தொழிலில் யாரும் ‘மலர்’ என்று பேசி நான் கேட்டதில்லை. தொழிலின் சொல் தொழிலாளியின் வாயில் தங்க வேண்டும்.

வேறு இரண்டு சொற்களையும் கேட்டுவிடுகிறேன். கண்ணை முதலில் இழுக்கும் பெரிய பூவைத் தலைப்பூ என்றும், இடைவெளி நிரப்பும் சிறுபூவை இடைப்பூ என்றும் சொல்லலாமா? அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். ‘இடைப்பூ’வை அன்றே தன் உதவிப் பையனிடம் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். மணமகள் கையில் பிடிப்பதற்குப் பூச்செண்டு போதும். அதில் விவாதம் வேண்டாம்.

அவர் கடையின் பெயர்ப்பலகை இப்போது மூன்று மொழியிலும் இருக்கிறது. தமிழ் வரியில் ‘ஃபுளோறல் டிசைனர்’ என்று எழுதியிருக்கிறது. மழைக்கு முன் புதிதாக எழுதக் கொடுக்கப் போகிறார். பெயிண்டர் வரும் வெள்ளிக்கிழமை வருகிறார். ‘பூவினைஞர்’ என்ற சொல்லில் உங்களுக்குத் தடையிருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து