காவின் புத்தகத்தில் என் கையெழுத்து எங்கே?

மகனுக்கு பாஸ்போட் எடுக்கப் போனபோதுதான் என் காவினை, அதாவது விவாகப் பதிவை, முதன்முதலாக ஆற அமர வாசித்தேன். கல்யாணமாகி ஏழு வருஷம். மாப்பிள்ளை கையெழுத்து, வலி (பெண்ணின் பொறுப்பாளர்) என்ற இடத்தில் வாப்பா கையெழுத்து, சாட்சிகள், பதிவாளர். மாப்பிள்ளை எனக்குத் தரவேண்டிய மஹர் எவ்வளவு என்றுகூட இருக்கிறது. என் பெயரைப் பதிவாளர் அழகாக எழுதியிருக்கிறார். என் கையெழுத்து மட்டும் இல்லை.

ஹோலில் காவின் எழுதும்போது நான் உள்ளறையில் இருந்தேன். "முடிஞ்சிட்டாம்" என்று சாச்சி வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். வாப்பாவிடம் இதைக் கேட்டேன். "சொல்லியிருந்தா புத்தகத்த உள்ளுக்கு அனுப்பியிருப்பேனே மகள்" என்றார். மனதார சொன்னதுதான். ஆனால் இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி வந்த அந்தப் படிவத்தில் மணப்பெண்ணுக்கு இடமே கிடையாதே! பொதுச் சட்டத்தின் கீழ் பதியலாம் என்றால், இரண்டு முஸ்லிம்கள் அப்படிப் பதிய முடியாது. அந்தப் பொதுச் சட்டத்தில் 1995இல் திருமண வயது 18 ஆனது, நமக்கு அதுவும் இல்லை.

அப்புறம் தங்கச்சியின் தாபரிப்பு (ஜீவனாம்ச) வழக்கு. முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதியாரின் வீட்டு விறாந்தையில்தான் விசாரணை. எங்களுக்குப் பின்னால் அடுத்த வழக்குக்காரர்கள் காத்திருந்தார்கள், எல்லாம் அவர்கள் காதில் விழுந்தது. சட்டத்தரணியைக் கூட்டிப் போகவும் முடியாது. படுக்கையறை விஷயத்தை மூன்று ஆண்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வாள்? தலையைக் குனிந்து "சரிவரல்ல" என்றாள். அவ்வளவுதான் பதிவானது. பெண்கள் காதியாக முடியாது என்று ஏன் எழுதிவைத்தார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

இந்தச் சட்டத்தில் திருத்தம் வேண்டும் என்று பேசினால் "மார்க்கத்தில கை வைக்காதீங்க" என்கிறார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். 2018இல் அறிக்கை வந்தபோது குழுவே இரண்டாகப் பிரிந்து இரண்டு விதமாகப் பரிந்துரைத்திருந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு இன்னும் மோசம். 'ஒரே நாடு ஒரே சட்டம்', முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் வேண்டாம் என்று வெளியில் சத்தம் எழும்பியதும், நேற்றுவரை தலையாட்டிய ஆட்களே "இப்ப வேணாம், அவங்களுக்குத்தான் வாய்ப்பாப் போயிரும்" என்று ஒதுங்கினார்கள். அந்தப் பயம் பொய்யில்லை, எனக்கும் இருந்தது. ஆனால் தங்கச்சி எந்தக் காலம் வரைக்கும் காத்திருக்க?

உங்களுக்கு எப்படி நடந்தது, எழுதுங்கள்.

-----

ராத்தா, போன வருஷம் என் மகளுக்குக் காவின். அவளும் கையெழுத்துப் போடணும் என்று நான் பதிவாளரிடம் கேட்டேன். சம்பந்தி வீட்டார் முகம் சுருங்கிப்போச்சு, நம்ம மனுசரும் "இதெல்லாம் எதுக்கு இப்ப" என்று முணுமுணுத்தார். பதிவாளர் நல்ல மனுசர். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடமில்லையே" என்றார். கடைசியில் பிள்ளைகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, 'எனக்குச் சம்மதம்' என்று அவளை எழுதச் சொல்லி, பின் குத்தி வைத்தார்.

அந்தத் தாள் இன்னும் அதில் இருக்குதோ தெரியாது.